முதல் நாவல்: பயமும் திட்டமும், தவிர்க்க வேண்டிய சில தவறுகளும்

நாவல் எழுத உட்காருகிறவர்கள் பாதியில் எழுந்துபோவது கதை இல்லாததால் அல்ல, பெரும்பாலும் பயத்தால்தான். சிறுகதை சரியாக வராவிட்டால் ஒரு வாரம் போச்சு. நாவலுக்கு இரண்டு வருடம் கொடுத்து, அதுவும் தேறாமல் போனால்? இந்தப் பயம் திட்டமிடல் என்ற பெயரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் தவறு அதற்கு இடம் கொடுப்பது.

எனக்கு அப்படித்தான் ஆனது. லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கி மூன்று தலைமுறை வம்சாவளி போட்டேன். தெருவை வரைந்தேன். எந்த வீட்டுத் திண்ணையில் எத்தனை தூண் என்பதுவரை குறித்தேன். எட்டு மாதம் ஓடிவிட்டது, நாவலில் ஒரு வரி இல்லை. கடைசியில் மனம் பொறுக்காமல் நடுவிலிருந்து ஒரு காட்சியை எழுதினேன். வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பும் நாள். பாட்டி அரிசிப் பானைக்குள் கையை விட்டு உழக்கை எடுத்து, யாரும் பார்க்காதபோது மடியில் செருகிக்கொள்கிறாள். நோட்டில் அவளைப் பற்றி 'கண்டிப்பானவள்' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். அவள் யார் என்பது அந்த உழக்கில்தான் தெரிந்தது.

தொடங்குவதற்கு ஒரு தாள் போதும். யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கதை ஏறத்தாழ எங்கே போகிறது. அதற்காகத் திட்டமே வேண்டாம் என்று இறங்குவதும் தவறு. எண்பதாம் பக்கத்தில் வழி தெரியாமல் நின்றுவிடுவோம். எழுத எழுத, வயது, வருடம், உறவுமுறை மூன்றையும் தனித்தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

திட்டம் மாறினால் எல்லாம் போச்சு என்று பதறாதீர்கள். ரஷ்யாவில் ஜார் மன்னருக்கு எதிராக நடந்த 1825 டிசம்பர் கிளர்ச்சியில் தண்டனை பெற்று, 1856-இல் சைபீரியாவிலிருந்து திரும்பும் ஒருவரின் கதையைத்தான் டால்ஸ்டாய் முதலில் எழுத நினைத்தார். அவரைப் புரிந்துகொள்ள 1825-க்குப் போனார், அவருடைய இளமையைத் தேடி 1812-க்கு, அங்கிருந்து 1805-க்கு. 'போரும் அமைதியும்' 1805-இல் தொடங்குகிறது. அந்தக் கிளர்ச்சி நடக்கும் முன்பே நாவல் முடிந்துவிடுகிறது!

முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்ப இழைப்பதும் பலருக்கு உள்ள பழக்கம். முடிவு தெரிந்தபின் அந்த அத்தியாயம் எப்படியும் மாறும். சரியான சொல் கிடைக்காத இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு நகருங்கள்.

தினம் பத்துப் பக்கம் என்று சபதம் எடுக்காதீர்கள். நான்காம் நாள் தவறும், ஐந்தாம் நாள் குற்ற உணர்ச்சியில் மேசைப்பக்கமே போகமாட்டோம். நாளுக்கு 300 சொல், வாரத்தில் ஐந்து நாள். வருடத்தில் 75,000 சொல்லுக்கு மேல் வந்துவிடும். அடுத்த வரி தெரிந்திருக்கும்போதே அன்றைக்கு நிறுத்திக்கொண்டால் மறுநாள் வெற்றுத்தாளைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

பயம் போகட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1938-இல் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை ஏறத்தாழ ஐந்து மாதத்தில் எழுதினார். கூடவே ஒரு நாட்குறிப்பும் வைத்திருந்தார். தன் திறமை மீதான சந்தேகம் அதில் மறுபடி மறுபடி வருகிறது. சந்தேகத்தை அதில் இறக்கிவைத்துவிட்டு நாவலுக்குத் திரும்பினார். என் லாங் சைஸ் நோட்டில் மீதியிருந்த பக்கங்களை நானும் அதற்குத்தான் வைத்துக்கொண்டேன்.