ஸ்பீக்கரில் பாஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) குமுறுகிறதா? மேட்டை வெட்டுங்கள், பள்ளத்தை நிரப்பாதீர்கள்

4 மீட்டர் நீள அறையில் சுமார் 43 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கும். ஸ்பீக்கரை மாற்றினாலும் அந்தக் குமுறல் போகாது. முதலில் ஸ்பீக்கரையும் நாற்காலியையும் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். மிச்சத்துக்குத்தான் டிஜிட்டல் திருத்தம்.

யூமிக்-1 போன்ற யூஎஸ்பி அளவீட்டு மைக்கும், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் போதும். போன் மைக்கை நம்ப வேண்டாம். மைக்கின் சீரியல் எண்ணுக்குரிய கேலிபரேஷன் ஃபைலை (அந்த மைக்கின் பிழையைச் சரிக்கட்டும் கோப்பு) ஏற்றி, உட்காரும் இடத்தில் காது உயரத்துக்கு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஃபேன், ஏசியை அணைத்துவிட்டு ஒவ்வொரு ஸ்பீக்கராக ஸ்வீப் (தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை ஏறும் சோதனை ஒலி) ஓட்டுங்கள். வரும் வரைபடத்தில் சத்தம் கூடும் சுருதி மேடு, குறையும் சுருதி பள்ளம். தலையைச் சுற்றி நாலைந்து இடங்களில் அளந்து சராசரி எடுத்தால் இன்னும் நல்லது.

மென்பொருளின் ஈக்யூ (சுருதிவாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்) பகுதியில் மேட்ச் ரேஞ்ச், அதாவது திருத்த வேண்டிய எல்லை, 30–300 ஹெர்ட்ஸ்; பூஸ்ட், அதாவது ஏற்றம், 0 டெசிபெல். பெரும்பாலான ஆழ்ந்த பள்ளங்கள், சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேரடி அலையை அழிப்பதால் வருபவை. ஏற்றினால் இரண்டு அலையும் சேர்ந்தே ஏறும், பள்ளம் அப்படியே கிடக்கும். 10 டெசிபெல் ஏற்றம் என்றால் ஆம்ப்ளிஃபயரிடம் 10 மடங்கு பவர் கேட்பது, அதுவும் வீணுக்கு!

விண்டோஸில் என்றால், மென்பொருள் கணக்கிட்டுத் தரும் ஃபில்டர்களை (மேடுகளை வெட்டும் திருத்தங்கள்) டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்து, கம்ப்யூட்டரின் ஒலியில் அவற்றைச் செயல்படுத்தும் ஈக்குவலைசர் ஏபிஓ என்ற மென்பொருளில் ஏற்றி, மறுபடி அளந்து சரிபாருங்கள். வெற்று அறையின் எதிரொலி இதில் அடங்காது. அதற்குக் கம்பளமும் கனமான திரைச்சீலையும் வேண்டும்.