விண்டோஸ் 11க்கு மாற முன்: எந்த முறைப்பாட்டை நம்புவது, எதைத் தள்ளுவது

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. திருகோணமலை நகரின் போட்டோக்கொப்பிக் கடை, உப்புவெளி விருந்தினர் விடுதி, கிண்ணியா டியூட்டரி என எங்கும் இப்போது ஒரே கேள்விதான்: ஏற்றலாமா, பொறுக்கலாமா? ஒருவர் "ஒரு கரைச்சலும் இல்லை" என்பார். பக்கத்துக் கடைக்காரர் "பிரிண்டர் போச்சு, தமிழும் போச்சு" என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் ஒவ்வொருவரும் தன் மெஷினைப் பற்றித்தான் பேசுகிறார். அந்தப் பேச்சில் உங்கள் மெஷினுக்குப் பொருந்துவது எது என்று பிரித்தெடுப்பதுதான் வேலை.

முதலில் உங்கள் மெஷின்

ஒரு ஏ4 தாளை எடுங்கள். விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் "வின்வெர்" (winver) என்று ஆங்கிலத்தில் தட்டினால் பதிப்பும் பில்ட் எண்ணும் தெரியும். 19045 என்றால் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2. 26100 என்றால் விண்டோஸ் 11இன் 24எச்2, 26200 என்றால் 25எச்2. புள்ளிக்குப் பிறகு வரும் எண் மாதாந்த அப்டேட்டுக்கு உரியது. அதையும் எழுதுங்கள், பின்னால் தேவைப்படும். பிறகு புரொசெசர், ராம் அளவு, டிவைஸ் மனேஜரில் காட்டும் எஸ்எஸ்டியின் முழு மொடல் பெயர், பிரிண்டரின் மொடல், அது யூஎஸ்பியிலா வைஃபையிலா ஓடுகிறது என்ற விபரம்.

விண்டோஸ் 11 கேட்பது: டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி), செக்யுவர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும்) வசதி, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். ஐ5க்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்த்தால் தலைமுறை தெரியும்: 7200 ஏழு, 8250 எட்டு, 10210 பத்து. 4 ஜிபி ராமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மெஷினில் ஏற்றினால் ஏறும், ஆனால் வேலை செய்ய மனம் வராது. 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இல்லாமல் கடைக்கு வேண்டாம். "டிபிஎம் இல்லை" என்று காட்டினால் உடனே கைவிட வேண்டியதில்லை. பல மெஷின்களில் அது பயோஸில் (மெஷினின் அடிப்படைச் செட்டிங்ஸில்) அணைந்து கிடக்கிறது. இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும்.

தகுதி இல்லாத மெஷினில் சோதனையைத் தாண்டி ஏற்றித் தருகிறவர்கள் உண்டு. அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை. 24எச்2 முதல் பொப்கவுண்ட் என்ற கட்டளை இல்லாத மிகப் பழைய புரொசெசர்களில் பூட்டே ஆகாது. முறைப்பாடு வாசிக்கும்போது இப்படி ஏற்றியவர்கள் சொல்வதைத் தனியே ஒதுக்குங்கள். உங்கள் மெஷின் தகுதியானது என்றால் அது உங்கள் கதை இல்லை.

மாற முடியாதவர்களுக்கு ஒரு வருட அவகாசம் இருக்கிறது. தனிநபர் கணினிகளுக்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் 2026 ஒக்டோபர் 13 வரை. விண்டோஸ் 10 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசொப்ட் கணக்கும் வேண்டும். விண்டோஸ் பேக்கப் மூலம் செட்டிங்ஸை ஒத்திசைத்தால் இலவசம், இல்லையேல் 30 டொலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதியும் இணைப்பு இருக்கும்.

சத்தமும் சான்றும்

ஒரு பெரிய வெளியீடு வந்தால் முதல் கிழமை சத்தம் அதிகம். சத்தத்தின் அளவை வைத்து முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் ஏமாறலாம்.

2018 ஒக்டோபர் 2இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பைப் பாருங்கள். சிலருடைய டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புகளை அது அழித்துவிட்டது. அந்தக் கோப்புறைகளை வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் கோப்புகளை விட்டிருந்தவர்களைத்தான் அது தாக்கியது. தேவையற்ற பழைய கோப்புறை என்று எண்ணி அதைத் துடைத்த நிரல், உள்ளே கோப்பு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஏற்றியவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர் அளவுக்குத்தான் இது நடந்ததாக மைக்ரோசொப்ட் சொன்னது. சில நாட்களில் வெளியீட்டை நிறுத்தி, நவம்பர் 13இல் மீண்டும் விட்டார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், சோதனைப் பயனர்கள் இதை முன்பே ஃபீட்பேக் ஹப் என்ற முறைப்பாட்டுச் செயலியில் எழுதியிருந்தார்கள். ஆதரவு வாக்குகள் குறைவாக விழுந்ததால் அது அடியில் போய்விட்டது. அதன் பிறகுதான் பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று குறிக்கும் இடம் அந்தச் செயலியில் வந்தது.

இதற்கு மறுபக்கம் 2025 ஓகஸ்ட். கேபி5063878 அப்டேட்டுக்குப் (கேபி என்பது அப்டேட்டின் அடையாள எண்) பிறகு, பாதிக்கு மேல் நிரம்பிய எஸ்எஸ்டியில் 50 ஜிபி அளவு ஒரேயடியாக எழுதினால் டிரைவ் காணாமல் போகிறது என்று ஜப்பானில் ஒருவர் எழுத, செய்தி உலகம் முழுக்கப் பரவியது. டிரைவை இயக்கும் கொன்ட்ரோலர் சிப் செய்யும் பைசன் நிறுவனம் 4,500 மணித்தியாலத்துக்கு மேல் சோதித்தும் அந்தக் கோளாறை மீண்டும் வரவழைக்க முடியவில்லை. அப்டேட்டுக்கும் இதற்கும் தொடர்பு காணவில்லை என்று மைக்ரோசொப்ட்டும் சொன்னது. எழுதியவர் பொய் சொன்னார் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர் டிரைவுக்கு ஏதோ நடந்திருக்கிறது, காரணம் அப்டேட் என்பதுதான் நிலைநிற்கவில்லை.

ஆகவே ஒரு முறைப்பாட்டைக் கையில் எடுத்தால் இவற்றைத் தேடுங்கள்: பில்ட் எண் அல்லது கேபி எண் இருக்கிறதா, மெஷினின் மொடல் இருக்கிறதா, எந்தப் படியில் நடந்தது என்று சொல்கிறாரா, அப்டேட்டை நீக்கியபோது சரியானதா, வேறொருவர் அதே படிகளைச் செய்து அதையே கண்டாரா. கடைசி இரண்டும் இருந்தால் இரண்டே பேர் எழுதியிருந்தாலும் நில்லுங்கள். எதுவும் இல்லாமல் "படுமோசம்" என்று ஆயிரம் பேர் எழுதியிருந்தாலும் கடந்து போகலாம். ஸ்டார்ட் மெனு நடுவில் வந்துவிட்டது, வலது கிளிக் மெனு சுருங்கிவிட்டது என்பவை பிழை அல்ல, பிடிக்காமை. அவற்றை வேறு கணக்கில் போடுங்கள்.

பிறகு மைக்ரோசொப்ட்டின் விண்டோஸ் ரிலீஸ் ஹெல்த் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். பதிப்பு வாரியாக அறியப்பட்ட கோளாறுகளும் அவை தீர்ந்தனவா என்பதும் அங்கே இருக்கும். சில டிரைவர், சில மொடல்களுக்கு மேம்படுத்தலை அவர்களே தடுத்து வைப்பதுண்டு. உங்கள் மெஷினுக்கு அப்படித் தடை விழுந்திருந்தால், இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட் அல்லது பென் டிரைவ் கொண்டு வலிந்து ஏற்றாதீர்கள். "எனக்கு அப்டேட் வரவே இல்லை, நானே ஏற்றினேன், நீலத்திரை வந்தது" என்ற வகை முறைப்பாடுகளில் ஒரு பங்கு இப்படிப் பிறப்பவைதான்.

பிரிண்ட் கடைக்காரர்களுக்குப் பயன்படும் ஓர் உதாரணம்: 2025 ஜனவரி இறுதியில் வந்த முன்னோட்ட அப்டேட்டுக்குப் பிறகு சில பிரிண்டர்கள் தாங்களாகவே தாள் தாளாகப் பொருளற்ற எழுத்துகளை அடித்தன. யூஎஸ்பி பிரிண்ட், யூஎஸ்பி வழி ஐபிபி என்ற இரண்டு அச்சு இணைப்பு முறையும் தெரிந்த பிரிண்டர்களில் மட்டுந்தான் இது நடந்தது. விண்டோஸ் 10 22எச்2விலும் விண்டோஸ் 11இன் 22எச்2, 23எச்2விலும் வந்தது, 24எச்2வில் வரவில்லை. தாளில் பிரிண்டர் மொடலையும் இணைப்பு முறையையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

எந்த நாளில்

மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் காலையில் வெளியாகும். நமக்கு அது செவ்வாய் இரவு 10:30 அளவில், அங்கே குளிர்காலம் என்றால் 11:30க்கு. புதன் காலை கடை திறக்கும்போது மெஷின் மீளத் தொடங்கக் காத்திருப்பது இதனால்தான். அப்டேட் பக்கத்தில் போஸ் (இடைநிறுத்து) கொடுத்தால் ஐந்து கிழமை வரை நிறுத்தலாம். இரண்டு கிழமை போதும், பெரிய பிழைகள் அதற்குள் வெளியே வந்துவிடும். அதற்கு மேல் இழுத்தால் பாதுகாப்பு ஓட்டை திறந்தே கிடக்கும். "புதிய அப்டேட் வந்தவுடனே தா" என்ற சுவிட்சைக் கடை மெஷினில் போடாதீர்கள். அதைப் போட்டால் மாதக் கடைசியில் வரும் முன்னோட்டங்களும் சேர்ந்து ஏறும்.

வெளியீட்டு நாளிலேயே ஏற்றுவது ஏன் கூடாது? 2025 ஒக்டோபர் 14இல், அதாவது விண்டோஸ் 10 முடிந்த அதே நாளில், விண்டோஸ் 11க்கு வந்த கேபி5066835 மீட்புத் திரையில் யூஎஸ்பி மவுஸையும் கீபோர்டையும் செயலிழக்கச் செய்தது. மெஷின் ஓடும்வரை யாருக்கும் தெரியாது, விழுந்த பிறகு மீட்பு மெனுவில் எதையும் அழுத்த முடியாது. 20ஆம் திகதி கேபி5070773 என்ற அவசரத் திருத்தம் வந்தது. ஆறு நாள் பொறுத்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் கிழமை கடையில் இதைத் தொடாதீர்கள். விடுதிக்காரர்கள் மே முதல் செப்டெம்பர் வரையான சீசனில் தொடாதீர்கள். சீசன் முடிந்தால் மாரி தொடங்கிவிடும், மின்சாரம் போகும். ஏற்றும் நடுவில் மின்சாரம் போனால் பெரும்பாலும் விண்டோஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், ஆனால் எப்போதும் அல்ல. மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். மடிக்கணினி என்றால் பற்றரியை நிரப்பி, சார்ஜரையும் மாட்டி வையுங்கள்.

ஏற்றும் முன் இரவு

முழுக் கோப்பு 5 ஜிபிக்கு மேல், ஆகவே இரவு டேட்டாவில் இறக்குங்கள். ஏற்றும் பென் டிரைவைச் செய்யும் மீடியா கிரியேஷன் டூலுக்கு 8 ஜிபி பென் டிரைவ் வேண்டும், அதில் உள்ளவை அழியும். இரவல் பென் டிரைவை நம்ப வேண்டாம். 24எச்2வின் 2024 ஒக்டோபர் அல்லது நவம்பர் அப்டேட் சேர்த்துச் செய்த பென் டிரைவால் ஏற்றிய மெஷின்கள், அதற்குப் பிறகு வரும் பாதுகாப்பு அப்டேட்டை ஏற்காமல் சிக்கிக்கொள்ளக்கூடும். அந்தக் காலத்து பென் டிரைவ் ஒன்று இன்னும் யாருடைய லாச்சியிலாவது கிடக்கும். புதிதாகச் செய்யுங்கள்.

கோப்புகளை வெளி டிரைவுக்குப் பிரதி எடுத்து, அந்த டிரைவை வேறொரு மெஷினில் திறந்து இரண்டு கோப்பு பாருங்கள். பிறகு அதைக் கழற்றி வையுங்கள். செருகியபடியே ஏற்ற வேண்டாம்.

தமிழ் எழுத்துரு தனிக் கதை. பாமினி ஒருங்குறி (யூனிகோட்) அல்ல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் வரைந்த எழுத்துரு. அது மெஷினில் இல்லாவிட்டால் கடிதம் முழுக்க ஆங்கில எழுத்தும், புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பு பழுதாகவில்லை, எழுத்துருவைப் போட்டால் திரும்பிவிடும். ஆகவே பாமினியையும் மற்ற பழைய எழுத்துருக்களையும் முன்கூட்டியே பிரதி எடுங்கள். திரும்பப் போடும்போது வலது கிளிக் செய்து "எல்லாப் பயனர்களுக்கும்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். சும்மா போட்டால் அந்தப் பயனர் கணக்குக்கு மட்டும் போய், மற்றக் கணக்கில் காணாது.

லதா எழுத்துருவும் புதிதாக ஏற்றிய விண்டோஸில் இல்லாமல் இருக்கலாம். தமிழ் சப்ளிமென்டல் ஃபொன்ட்ஸ் என்ற விருப்பத் தொகுப்பில் அது இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று போய் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிர்மலா யூஐ மட்டும் எப்போதும் இருக்கும். லதாவில் செய்த பக்கம் நிர்மலாவில் திறந்தால் வரி உடைந்து பக்கம் கூடும்.

இன்னொரு முறைப்பாடு: "அன்பு" என்று அடித்தால் "ஆன்பு" வருகிறது. இதற்கு அப்டேட்டைத் திட்டுவார்கள். பாமினியில் அகரம் சிறிய எம், ஆகாரம் பெரிய எம். புதிதாக ஏற்றிய வேர்ட், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். ஒப்ஷன்ஸ், புரூஃபிங், ஓட்டோகரெக்ட் என்று போய் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

டிரைவைத் துடைத்து 24எச்2வைப் புதிதாக ஏற்றி மைக்ரோசொப்ட் கணக்கால் நுழைந்தால், பல மெஷின்களில் டிரைவ் குறியாக்கம் (சாவி இல்லாமல் திறக்க முடியாதபடி பூட்டுவது) தானாகவே தொடங்கும். அதன் மீட்புச் சாவி நுழைந்த கணக்கில் போய் உட்காரும். திருத்துகிறவர் தன் கணக்கால் நுழைந்திருந்தால் சாவி அவரிடம். ஒரு நாள் நீலத்திரையில் 48 இலக்கச் சாவி கேட்கும்போது அவர் எங்கே இருப்பாரோ. உங்கள் கணக்காலேயே நுழைந்து, சாவியை அச்சடித்து வையுங்கள்.

பத்து நாள்

மேம்படுத்தலாக ஏற்றியிருந்தால் பழைய விண்டோஸுக்குத் திரும்பப் பத்து நாள் உண்டு: செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, கோ பேக். இடம் போதவில்லை என்று விண்டோஸ்.ஓல்ட் கோப்புறையை அழித்தால் அந்த வழி மூடும். திரும்பினால், மாறிய பிறகு போட்ட மென்பொருள்கள் போய்விடும். ஆகவே முதல் இரண்டு நாளிலேயே எல்லாவற்றையும் பாருங்கள். இரண்டு பக்க அச்சு, அடையாள அட்டை ஸ்கேன், பாமினிக் கடிதம் ஒன்று, ஒருங்குறிக் கடிதம் ஒன்று, கணக்கு மென்பொருள், தூங்க வைத்து எழுப்புதல், பென் டிரைவ். பிரிண்டர் தெரியவில்லை என்றால் அதை நீக்கி, தயாரிப்பாளரின் விண்டோஸ் 11 டிரைவரைப் போட்டு மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய டிரைவரை மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி தடுக்கிறதா என்பதை விண்டோஸ் செக்யுரிட்டியில் கோர் ஐசோலேஷன் பக்கம் பெயரோடு காட்டும். கடையில் நான்கு மெஷின் என்றால் ஒன்றில் மட்டும் ஏற்றி ஒரு கிழமை ஓட்டுங்கள். கல்லாப்பெட்டி மெஷின் கடைசி.

நீங்கள் எழுதும்போது

விண்டோஸ் விசையோடு எஃப் அழுத்தினால் ஃபீட்பேக் ஹப் ஸ்கிரீன்ஷொட்டோடு திறக்கும். தலைப்பில் கோபம் வேண்டாம், நடந்ததை வையுங்கள். "பிரிண்டர் வேலை செய்யவில்லை" என்பதை யாரும் தேடிப் பிடிக்க முடியாது. "26100 பில்டில் யூஎஸ்பி பிரிண்டர், தூக்கத்திலிருந்து எழுந்த பிறகு ஒஃப்லைன்" என்றால் அதே நோய் உள்ள இன்னொருவர் வந்து வாக்குப் போடுவார். தலைப்புக்குக் கீழே மூன்று விடயம்: என்ன செய்தீர்கள் என்று படிப்படியாக, என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது. கோளாறை மீண்டும் செய்து காட்டும் பதிவு வசதியும் அங்கே உண்டு. தொடங்கும் முன் வாடிக்கையாளரின் அடையாள அட்டை, வங்கிக் கடிதம் எதுவும் திரையில் இல்லை என்று பாருங்கள். முதலில் தேடுங்கள், இருக்கும் முறைப்பாட்டோடு சேருங்கள். ஒரே கோளாறுக்குப் பத்துப் பதிவு இருந்தால் பத்தும் தனித்தனியே அடியில் கிடக்கும். ஆங்கிலத்தில் எழுதினால் பொருந்தும் பதிவுகள் அதிகம் கிடைக்கும், இலக்கணம் பிசகினாலும் பாதகமில்லை. அடுத்த மாத அப்டேட் ஏறிய பிறகு அதே படிகளை மீண்டும் செய்து, தீர்ந்ததா இல்லையா என்று புதிய பில்ட் எண்ணோடு அந்தப் பதிவின் கீழேயே எழுதுங்கள்.