கன்னத்தில் பதுங்கும் முந்திரி

எங்கள் வீட்டு இரண்டு வயதுக்காரி எதையும் உடனே விழுங்கமாட்டாள். கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் உப்பிய முகத்தோடு வீடு முழுக்க ஓடுவாள். "ஆ காட்டு" என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். "சிங்கம் எப்படிக் கத்தும்?" என்று கேட்டால்தான் வாய் திறக்கும். பார்க்க அழகுதான், உள்ளே இருப்பது முழு முந்திரி என்றால் ஆபத்து.

கடலூரில் பண்ருட்டி முந்திரிக்கா பஞ்சம்? வருகிறவர்கள் எல்லாம் பாசத்தோடு குழந்தை கையில் நாலு பருப்பைத் திணித்துவிடுகிறார்கள். கடைவாய்ப் பற்கள் முழுதாக வராத குழந்தையால் அதை அரைக்க முடியாது. ஓடும்போதோ சிரிக்கும்போதோ மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளலாம். ஐந்து வயது வரை முழுப் பருப்பு வேண்டாம், வேர்க்கடலையும்தான். நைசாகப் பொடித்துக் கேழ்வரகுக் கூழில் கலந்து கொடுங்கள். முதன்முறை ஒரு சிட்டிகை போதும். தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று கவனியுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். பலாச்சுளையைக் கொட்டை நீக்கிப் பொடியாக நறுக்க வேண்டும்.

எதைக் கொடுத்தாலும் உட்காரவைத்தே கொடுங்கள். தூங்கவைக்கும் முன் இரண்டு மடக்குத் தண்ணீர் குடிக்கவைத்து, கன்னம் காலியா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.