தருமபுரியிலிருந்து ஒரு செமஸ்டர் அமெரிக்காவுக்கு: கல்லூரி ஆசிரியர்களுக்கான வழிமுறை

ஃபுல்பிரைட்-நேரு போன்ற உதவித்தொகைத் திட்டத்தில் பாடம் நடத்தவும் ஆய்வு செய்யவும் அமெரிக்கா போக நினைப்பவர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கம். நம் ஊரில் இனிஷியல்தான் உண்டு, சர்நேம் கிடையாது. அதனால் பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் அந்தக் கட்டம் காலியாக இருக்க முடியாது. உங்கள் பெயரைச் சர்நேம் ஆக்கிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சிடுவார்கள். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. அப்புறம் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாவற்றிலும் நீங்கள் எஃப்.என்.யு.தான். இனிஷியலை விரித்து, அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டு, விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துவிடுங்கள். கட்டுரைகள் வேறு வேறு பெயர் வடிவில் வந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே ஆர்க்கிட் எண்ணில் (ஆய்வாளருக்கான நிரந்தர இணைய அடையாள எண்) இணைத்துவிடலாம்.

அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டுக்கு என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. துறைக்கு முன் தகவல் கடிதம் கொடுத்து, அதன் நகலோடு விண்ணப்பிக்கலாம்.

ஆய்வுத் திட்டம்

தேர்வுக்குழு கேட்கும் முதல் கேள்வி, இதைச் சேலத்திலோ பெங்களூரிலோ செய்ய முடியாதா என்பது. ‘அங்கே நவீன கருவிகள் உள்ளன’ என்ற பதில் எடுபடாது, ஏனென்றால் அந்தக் கருவி பெங்களூரிலும் இருக்கும். அங்கே உள்ள ஆளோ தரவோதான் நல்ல காரணம்.

தருமபுரியின் ஃப்ளூரைடு நீரையே எடுத்துக்கொள்வோம். ‘குடிநீரில் ஃப்ளூரைடை அகற்றும் புதிய முறைகளை ஆராய்வேன்’ என்று எழுதினால் அது நூறு விண்ணப்பங்களில் இருக்கும் வாக்கியம். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘பென்னாகரம் வட்டாரத்தின் 40 ஆழ்துளைக் கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவீடு என்னிடம் இருக்கிறது. டெக்சாஸின் தெற்கு ஹை பிளெய்ன்ஸ் நிலத்தடி நீரிலும் ஃப்ளூரைடு மிகுதி. அதில் நெடுங்காலம் வேலை செய்த உங்கள் குழுவோடு சேர்ந்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும் கிணறுகளை இரண்டு ஊரிலும் நான்கு மாதத்தில் ஒப்பிடுவேன்.’ கையில் இருப்பது என்ன, அவர்களிடம் இருப்பது என்ன, எத்தனை மாதம் என்ற மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. 40 என்று எழுதினால் உண்மையிலேயே 40 கிணறு இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வரலாறு, தொல்லியல் ஆசிரியர்களுக்கு நம் பகுதி இன்னும் வளம். மல்லச்சந்திரம் கல்திட்டைகள், ஊருக்கு ஊர் நடுகற்கள், கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்ட மயிலாடும்பாறை இரும்புக் காலம் என்று அங்குள்ளவர்கள் கேட்க விரும்பும் செய்தி நிறையவே உண்டு. கொண்டுபோக வேண்டியவை கல்லெழுத்தை ஒற்றி எடுத்த மைப்படியும் புகைப்படமும் அளவுக் குறிப்பும்தான். தொல்பொருள் எதையும் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. கேழ்வரகு, சாமை விதைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகிற வேலையும் வேண்டாம். ஆய்வுக்காக அவற்றை வெளிநாட்டவரிடம் கொடுக்க, சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் தேவைப்படும். அமெரிக்க விமான நிலையச் சோதனையிலேயே பறித்துக்கொள்ளவும் செய்வார்கள்.

கிராம மக்களிடம் பேட்டி எடுத்த தரவு என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழுவிடம் அனுமதி பெற வேண்டியிருக்கும். அதற்கான இணையவழிப் பயிற்சியை இங்கிருந்தே முடித்துவிடுங்கள். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நான்கு மாதத்தில் ஒரு மாதம் அதிலேயே போய்விடும்.

அழைப்புக் கடிதம் கேட்டு அங்குள்ள பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் 200 சொல்லைத் தாண்டக் கூடாது. அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுகிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வருவீர்கள், எந்தப் பாடம் நடத்த முடியும், என்ன வசதி வேண்டும் என்பது போதும். ‘மதிப்பிற்குரிய ஐயா’ பாணியில் அரைப் பக்கம் வணக்கம் வைத்தால் அதற்குக் கீழே படிக்க மாட்டார்கள். இரண்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதிவரை அங்கே கோடை விடுமுறை. பதில் வராததை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோப்பு

விண்ணப்பம் போடும் அன்றே துறை அனுமதிக்கான கடிதத்தையும் முதல்வரிடம் கொடுத்துவிடுங்கள். தேர்வான பிறகு தொடங்கினால் நேரம் போதாது. முதல்வரிடமிருந்து தருமபுரி மண்டல இணை இயக்குநர் அலுவலகம், அங்கிருந்து சென்னை என்று கோப்பு ஏறும். ஒவ்வொரு மேசையிலும் அனுப்பிய எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத கோப்பைத் தேட முடியாது.

ஆணையில் இரண்டு வரியைத் தேடிப் பாருங்கள். முதலாவது, நீங்கள் இல்லாத காலம் பணிக்காலமா, எந்த வகை விடுப்பு என்பது. ஊதியமில்லா அசாதாரண விடுப்பு என்று வந்தால், திரும்பி வந்ததும் ஊதிய உயர்வில் சிக்கல் வரும். ஆணை கையெழுத்தாகும் முன்பே கேட்டுத் திருத்திக்கொள்வது எளிது. இரண்டாவது, பயண நாட்களும் அதில் சேர்ந்திருக்கிறதா என்பது. உங்கள் வகுப்புகளை யார் எடுப்பார் என்று ஒரு அட்டவணையை நீங்களே போட்டு இணைத்தால் முதல்வரின் தயக்கம் பாதி தீர்ந்துவிடும்.

விசாவும் காப்பீடும்

பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்கான ஜே-1 விசாவுக்கு அடிப்படை ஆவணம், திட்டத்தை நடத்துபவர்கள் தரும் டி.எஸ்.-2019 படிவம். அதிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஃபுல்பிரைட்டில் போகிறவர்கள் செவிஸ் (அமெரிக்க அரசின் வருகையாளர் பதிவு முறை) கட்டணம் கட்டுவதில்லை. வேறு திட்டத்தில் ஜே-1 விசாவில் போகிறவர்களுக்கு 220 டாலர். காப்பீட்டில் நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர், மருத்துவ வெளியேற்றத்துக்கு (நோயாளியை ஊருக்குக் கொண்டுசேர்க்க) 50,000 டாலர் இருக்க வேண்டும். நீங்கள் கையிலிருந்து கட்டும் பங்கு 500 டாலரைத் தாண்டக் கூடாது. இங்கே வாங்கும் மலிவான சுற்றுலாக் காப்பீடு இந்த அளவுக்கு வருமா என்று பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்.

விமானம் பெங்களூரிலிருந்துதான் வசதி. ஆனால் நிலையம் இருப்பது தேவனஹள்ளியில், நகரத்தின் மறுகோடியில். ஓசூர் தாண்டியதும் நெரிசல் பிடித்துக்கொள்ளும். மாலை நேரமானால் தருமபுரியிலிருந்து ஐந்தாறு மணி நேரம் ஒதுக்குங்கள்.

திட்டம் தொடங்கும் தேதிக்கு 30 நாட்களுக்கு மேல் முன்னதாக உள்ளே நுழைய முடியாது. போனதும் பன்னாட்டு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். விட்டால் விசா நிலையே போய்விடும். சம்பளம் வாங்குபவர்கள் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்குப் பத்து நாள் கழித்துப் போவது நல்லது, பதிவு கணினியில் ஏற அவ்வளவு நாள் ஆகும். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவு ஆசிரியர்களின் சம்பளத்துக்கு இரண்டாண்டு வரிவிலக்குத் தருகிறது. விலக்குக் கேட்கும் 8233 படிவத்தைச் சம்பளப் பிரிவில் கொடுத்தால்தான் அது நடக்கும். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

வகுப்பறை

மூன்று கிரெடிட் பாடம் என்றால் பெரும்பாலும் வாரம் இரண்டு முறை, 75 நிமிடம், ஏறத்தாழ 15 வாரம். இங்கே பாடத்திட்டமும் வினாத்தாளும் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். அங்கே இரண்டுமே உங்கள் கையில். முதல் வகுப்பில் கொடுக்கும் சிலபஸ் ஏறக்குறைய ஒப்பந்தம் மாதிரி: எந்த வேலைக்கு எத்தனை சதவீதம், ஒரு நாள் தாமதத்துக்கு எவ்வளவு குறையும், எந்த நேரத்தில் அறையில் சந்திக்கலாம், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா. எழுதாத விதியை நடுவில் கொண்டுவந்தால் மாணவர் புகார் கொடுப்பார், அது நியாயமும்கூட. வரைவைச் சக பேராசிரியரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

ஐந்து யூனிட்டையும் முடித்தாக வேண்டும் என்ற பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். மூன்று யூனிட் அளவுக்குப் பாடம், ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் படித்துவர 20 பக்கம், வகுப்பில் பாதி நேரம் விவாதம் என்பது சரியாக வரும். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் நாமே பதில் சொல்லிவிடுவதுதான் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. ஊர்ப்பெயர்களையும் கலைச்சொற்களையும் பலகையில் எழுதிவிட்டுச் சொன்னால் உச்சரிப்புச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

மதிப்பெண் பட்டியலைப் பெயரோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டக் கூடாது, அங்கே அது சட்டப்படி தவறு. விடைத்தாளை மேசையில் குவித்து வைத்து ‘எடுத்துக்கோங்க’ என்பதும் அதே கணக்கு. மாற்றுத்திறன் அலுவலகத்திலிருந்து ஒரு மாணவருக்குத் தேர்வில் கூடுதல் நேரம் என்று கடிதம் வந்தால் கொடுத்தே ஆக வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.

திரும்பும்போது

ஃபுல்பிரைட்டில் போனவர்களுக்கு ஈராண்டுத் தாயக விதி உண்டு. இந்தியாவில் மொத்தம் இரண்டாண்டு இருந்து முடிக்காமல் எச்-1பி வேலை விசாவோ நிரந்தரமாகத் தங்க கிரீன் கார்டோ கிடைக்காது. சுற்றுலா விசாவுக்கு அந்தத் தடை இல்லை. அங்கிருந்து கிளம்பும் முன் துறைத் தலைவரிடம் பணிபுரிந்த தேதிகள் குறித்த கடிதம் ஒன்றைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். பணியில் சேரும் அறிக்கையோடு அதையும், விமான போர்டிங் பாஸ்களையும், முத்திரை விழுந்த பாஸ்போர்ட் பக்கங்களின் நகலையும் வைத்து அலுவலகத்தில் கொடுத்து, அந்த வாரமே பணிப்பதிவேட்டில் பதிவாகிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.