ஐடிலில் அணைந்துபோகும் பெட்ரோல் கார்: காரணத்தைக் கண்டறியும் முறை

ஓடும்போது குறையின்றி ஓடி, சிக்னலில் நின்றதும் அணைந்துவிடும் காரில், எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் அது எப்போது அணைகிறது, எப்படி அணைகிறது என்பதை இரண்டு மூன்று நாட்கள் குறித்து வைக்க வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென நின்றால் இக்னிஷன் மின்சுற்றையோ, இன்ஜின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாரையோ முதலில் ஐயுறலாம். குலுங்கித் திணறி அணைந்தால் காற்றிலோ எரிபொருளிலோ குறை இருக்கும். பெட்ரோல் நிரப்பிய உடனே அணைவது, டேங்கின் ஆவியை இன்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்பதன் அடையாளம். பிரேக்கை மிதிக்கையில் ‘உஸ்’ என்ற ஓசையுடன் அணைந்தால், பிரேக்கை எளிதாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டர் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் காரை ஓட்டக் கூடாது.

சூடேறிய இன்ஜின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கையில், நிமிடத்துக்குச் சுமார் 650 முதல் 900 சுற்றுகள்தான் சுழல்கிறது. காற்றை உள்ளே விடும் தகடான த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் உள்ளே போகும் காற்றும் மிகக் குறைவு. அந்நிலையில், வெடித்த ஒரு ஹோஸ் வழியாக அளவிடப்படாமல் நுழையும் சிறிதளவு காற்றே காற்று-பெட்ரோல் கலவையை நீர்த்துப்போகச் செய்துவிடும்; ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அதே கசிவு பொருட்டாக இராது.

இதை உறுதிசெய்ய, காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் (கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஐடிலில் கூட்டுத்தொகை +10 சதவீதத்தைத் தாண்டி, 2,500 சுற்றில் சுழியத்தை நெருங்கினால் வேக்கம் கசிவு, அதாவது மேலே சொன்ன அளவிடப்படாத காற்று, என்று கொள்ளலாம். சுற்று கூடக் கூட அதுவும் ஏறினால் எரிபொருள் பம்ப்பையோ ஃபில்டரையோ, அழுக்கேறிய காற்றோட்ட சென்சாரையோ சோதிக்க வேண்டும். பி0171 என்ற பிழைக் குறியீடு கலவையில் எரிபொருள் குறைவு என்று மட்டுமே சொல்கிறது. அதைக் கண்டதும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது பெரும்பாலும் வீண்செலவு. காற்றோட்ட சென்சார் இல்லாமல், மேனிஃபோல்டு (காற்று இன்ஜினுக்குள் செல்லும் குழாய்) அழுத்தத்தை மட்டும் அளக்கும் கார்களில் கசிவு ஐடிலை உயர்த்தவே செய்யும் என்பதால், அங்கே இந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. கசியும் இடத்தைத் தேடச் சூடான இன்ஜின் மீது கிளீனரைத் தெளிப்பவர்கள் உண்டு, அது தீப்பிடிக்கக்கூடியது. புகை செலுத்திப் பார்ப்பதே பாதுகாப்பான வழி.

டிரிம் சீராக இருந்தும், முக்கியமாக ஏசி போட்டதும், அணைந்தால் த்ராட்டில் பாடியைத் திறந்து பார்க்கவும். தகட்டின் விளிம்பில் படிந்த கரி, ஐடிலுக்கு வேண்டிய அந்தக் கொஞ்சக் காற்றையும் தடுத்துவிடும். அதற்குரிய கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். மின்னணு த்ராட்டிலாக இருந்தால் இக்னிஷன் போட்ட நிலையில் தகட்டை விரலால் தள்ளக் கூடாது. துடைத்தபின் பல மாடல்களில் காரின் கணினிக்கு ஐடிலை மறுபடி கற்பிக்க வேண்டியிருக்கும். அதன் படிகள் மாடலுக்கு மாடல் மாறுவதால் சர்வீஸ் கையேட்டைப் பார்த்தே செய்ய வேண்டும். கற்பிக்காமல் விட்டால், சுத்தம் செய்த பிறகும் ஐடில் தாறுமாறாக இருக்கலாம்.

த்ராட்டிலும் சுத்தமாக இருந்தால், கரி அடைத்துத் திறந்தே நிற்கும் இஜிஆர் வால்வையும் (வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடுவது) தேய்ந்த ஸ்பார்க் பிளக்குகளையும் பார்க்கலாம். இன்ஜினை ஓடவிட்டுச் செய்யும் சோதனை எதுவானாலும் திறந்த வெளியில், ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலிலோ பார்க்கிலோ வைத்துச் செய்ய வேண்டும்.