எஸ்பெராண்டோ ஒலிக்குக் கண்டாங்கி கைகொடுக்கும்

எஸ்பெராண்டோ கற்கத் தொடங்கும் காரைக்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. 1887-இல் ஸாமென்ஹோஃப் என்பவர் தாமே உருவாக்கி வெளியிட்ட இந்த மொழியில் 28 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலி. உயிர் ஐந்துதான், அது நமக்குச் சுலபம். சிக்கல் வல்லினத்தில்.

'பானோ' என்று தமிழில் எழுதிவைத்தால் அது ரொட்டியா (pano), குளியலா (bano)? 'பம்பரம்' சொல்லிப் பாருங்கள். அதன் முதல் ப வந்தால் ரொட்டி, இரண்டாவது ப வந்தால் குளியல். நம் சேலையின் பெயரான 'கண்டாங்கி'யிலும் முதல் க வேறு, கடைசி கி வேறு. நாம் இடம் பார்த்துத் தானாக மாற்றுகிறோம். எஸ்பெராண்டோவில் மாற்றினால் சொல்லே மாறிவிடும். தொண்டையில் விரல் வையுங்கள்: உதடு திறக்கும் முன்பே அதிர்ந்தால் அது இரண்டாவது ப. குறிப்பேட்டில் அதிரும் எழுத்துக்குக் கீழே கோடு போட்டுவிடுங்கள்.

அப்புறம், அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில்தான்.