குட்டநாட்டில் எஞ்சின் இல்லாத படகில் ஒரு பகல்: முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை

ஆலப்புழை என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது படுக்கையறையும் மேல்தளமும் கொண்ட படகு வீடுதான். அந்தப் படகு வீட்டின் அகலத்துக்கு ஆறும் காயலும் மட்டுமே வழிவிடும். ஆலப்புழையை ஒட்டிய குட்டநாட்டு மக்கள் குளிக்கிற, துவைக்கிற, மீன் பிடிக்கிற, பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிற வாய்க்கால்களுக்குள் அது நுழைய முடியாது. அங்கெல்லாம் போக வேண்டுமானால் துடுப்பாலோ கழியாலோ செலுத்தும் சிறு வள்ளம்தான் வேண்டும். நீரில் எண்ணெய் சிந்தாமல், கரையை அலையால் அரிக்காமல், பறவைகளை விரட்டாமல் போவதும் அதுதான். முதல்முறை போகிறவர்கள் அதற்கு எப்படித் தயாராவது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

போகும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் கண்ணுக்கு இரண்டு மடங்கு தெரியும். பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆகிய ஆறுகள் வேம்பநாட்டுக் காயலில் வந்து கலக்கும் வண்டல் பூமி குட்டநாடு. இங்கே பல வயல்கள் கடல் மட்டத்தைவிடத் தாழ்வானவை. சில இடங்களில் 2 மீட்டருக்கும் அதிகமான தாழ்வு. சுற்றிலும் கரை எழுப்பி, உள்ளே நிற்கும் நீரை இறைத்து வெளியேற்றிவிட்டு நெல் விதைக்கிறார்கள். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2013-ல் இந்தச் சாகுபடி முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அறிவித்தது. வேம்பநாட்டு ஈரநிலம் 2002 முதல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இருக்கிறது.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வெயிலும் மழையும் உடம்புக்குத் தாங்கும். ஆனால் வெயிலை மட்டும் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வயல் என்ன நிலையில் இருக்கும் என்பதையும் பாருங்கள். புஞ்சை எனப்படும் முக்கியப் போகத்துக்கு அக்டோபர், நவம்பரில் விதைப்பு தொடங்கும். அதற்கு முன் வயல் முழுக்க நீர்தான். எது வயல், எது காயல் என்றே தெரியாது. நீர் இறைக்கும் நாட்களில் போனால் 'பெட்டியும் பறையும்' என்று இங்கே சொல்லப்படும் பழைய பாணி இறைப்பு இயந்திரம் வயல் நீரை வாய்க்காலுக்குள் கொட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஜனவரியில் பச்சை. மார்ச்சில் கதிர் முற்றி அறுவடை. அது முடிந்ததும் வயலில் வாத்துக் கூட்டங்களை இறக்கிவிடுவார்கள்.

ஒரு தொந்தரவையும் சொல்லியாக வேண்டும். கடல் உப்பு வயலுக்குள் ஏறாமல் தடுக்க, 1970-களில் கட்டி முடிக்கப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை டிசம்பர் நடுவில் மூடி, கோடையில் திறப்பது வழக்கம். மூடிய காலத்தில் நீரோட்டம் குறைந்து ஆகாயத்தாமரை பெருகும். சில வாய்க்கால்கள் முழுக்கப் பச்சைக் கம்பளமாக அடைந்துகொள்ளும். ஷட்டர் திறந்து உப்பு நீர் உள்ளே வந்தால்தான் அது வாடும். ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் போகிறவர்கள் எந்த வாய்க்கால் திறந்திருக்கிறது என்று படகோட்டியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூனிலிருந்து செப்டம்பர்வரை மழைக்காலம். வெள்ளம் ஏறினால் குட்டநாட்டு மக்களின் வீட்டு வாசலிலேயே தண்ணீர் நிற்கும். அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போவதைத் தவிர்ப்பதுதான் மரியாதை.

படி 2: ஆலப்புழை போய்ச் சேருங்கள்

சென்னை சென்ட்ரலிலிருந்து ஆலப்புழைக்கு நேரடி ரயில் இருக்கிறது. காட்பாடி, சேலம், ஈரோடு வழியாக இரவுப் பயணம். மதுரை, நெல்லை, நாகர்கோவில் பக்கத்தினருக்கு எழும்பூர்–குருவாயூர் எக்ஸ்பிரஸ் வசதி. ரயில் நிலையம் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. படகுத்துறை ஊரின் மறுபக்கத்தில், கேரள அரசு பஸ் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது.

முதல் நாள் இரவே ஊரில் தங்கிவிடுங்கள். வள்ளப் பயணத்துக்குக் காலைதான் நல்ல நேரம். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் திறந்த காயலில் துடுப்பு வலிப்பவருக்குக் கை ஓய்ந்துவிடும்.

படி 3: படகைப் பேசி முடியுங்கள்

எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். படகுத்துறையில் இறங்கியதும் பலர் சூழ்ந்துகொண்டு ஷிகாரா, மோட்டார் போட், படகு வீடு என்று அடுக்குவார்கள். ஷிகாரா என்ற பெயரைக் கேட்டுக் காஷ்மீரில் ஓடுவது போன்ற துடுப்புப் படகு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே ஓடும் ஷிகாராக்கள் பெரும்பாலும் எஞ்சின் பொருத்தியவை. 'எஞ்சின் இல்லாத்த வள்ளம்' என்று மலையாளத்திலேயே கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். தமிழில் பேசினாலும் பலருக்குப் புரியும். வயதில் மூத்தவரைச் 'சேட்டா' என்றும், வீட்டுப் பெண்களைச் 'சேச்சி' என்றும் கூப்பிட்டுப் பேசினால் பேச்சு இணக்கமாகப் போகும்.

'சுற்றுச்சூழலுக்கு உகந்த சுற்றுலா' என்று பலகையில் எழுதியிருப்பது மட்டும் போதாது. மூன்று கேள்விகளை நேராகக் கேட்டுவிடுங்கள். படகு முழுத்தூரமும் கையால்தான் செலுத்தப்படுமா, அல்லது பாதிவழி எஞ்சின் படகு கட்டி இழுக்குமா? படகை ஓட்டப் போகிறவர் எந்த ஊர்க்காரர்? சாப்பாடு எங்கே, யார் சமைப்பது? கைனகரி போன்ற தீவுக் கிராமங்களில் குடியிருக்கும் குடும்பங்களே வள்ளம் ஓட்டி, தங்கள் வீட்டிலேயே சமைத்துப் போடுகிற ஏற்பாடுகள் உண்டு. என்னைக் கேட்டால் அதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். நீங்கள் கொடுக்கும் பணம் அந்த வாய்க்கால் கரையிலேயே தங்கும். தன் வீட்டு வாசல் நீரை அழுக்காக்க யாரும் சம்மதிக்கவும் மாட்டார்கள்.

கட்டணம் ஆளுக்கா, படகுக்கா, மணிக்கணக்கா என்பதையும், உணவு அதில் சேர்த்தியா என்பதையும் முதலிலேயே பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விலையைப் பிடித்து இழுக்காதீர்கள். நான்கைந்து மணி நேரம் வெயிலில் ஒரு மனிதர் தன் தோள் பலத்தால் உங்களைச் சுமந்துகொண்டு போகப் போகிறார்.

உயிர்காப்பு உடை எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வள்ளத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டு, அதற்கு ஒருவர் குறைவாகவே ஏறுங்கள். 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 'இதோ, கரை பக்கம்தானே' என்று யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

படி 4: பையைச் சிறிதாக்குங்கள்

தொப்பி, பருத்திச் சட்டை, உலோகத் தண்ணீர் பாட்டில், செல்போனுக்கு நீர்புகா உறை, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு துணிப்பை. இவை போதும். தண்ணீரை ஆலப்புழையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சுற்றிலும் நீர் இருந்தும் குட்டநாட்டுக் கிராமங்களில் குடிநீர் தட்டுப்பாடுதான்; அவர்கள் சேமித்து வைத்ததில் கை வைக்க வேண்டாம்.

காலில் ஆறாத காயமோ கீறலோ இருந்தால் வாய்க்கால் நீரில் இறங்காதீர்கள். ஈரநிலப் பகுதிகளில் எலிக்காய்ச்சல் பரவும் வழி அதுதான்.

வள்ளத்தில் கழிப்பறை கிடையாது. கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறவர்களை, குறிப்பாகப் பெண்களை, நிறையப் பார்க்கிறேன். அந்த வெயிலில் அது ஆபத்து. எந்த வீட்டில், எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று புறப்படும்போதே கேட்டு வைத்துக்கொண்டால் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கலாம்.

படி 5: கிராமத்துக்கு அரசுப் படகில் போங்கள்

ஆலப்புழை படகுத்துறையிலிருந்து கைனகரி, நெடுமுடி, காவாலம், புளிங்குன்னு என்று பல ஊர்களுக்குக் கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள் ஓடுகின்றன. பஸ் டிக்கெட் போலச் சில்லறைக் காசில் பயணம். இது எஞ்சின் படகுதான். ஆனால் உங்களுக்காகத் தனியாக ஓடுவதில்லை. ஊர் மக்களுக்காக எப்படியும் ஓடுகிற படகு. பல குடும்பங்கள் விருந்தாளிகளை இந்தப் படகில் வந்து இறங்கச் சொல்லி, துறையிலேயே காத்திருந்து அழைத்துப் போகிறார்கள்.

முன்பக்கம் உட்கார்ந்து வேலையைக் கவனியுங்கள். சுக்கானைப் பிடித்திருப்பவரை 'ஸ்ராங்க்' என்பார்கள். துறை நெருங்கும்போது அவர் மணி அடித்து எஞ்சின் பகுதிக்குச் சைகை கொடுப்பார். லஸ்கர் எனப்படும் படகு ஊழியர் கயிற்றுடன் தாவி இறங்கித் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடிப்பார். நான்கு பேர் இறங்கி, இரண்டு பேர் ஏறி, கயிறு திரும்ப வருவதற்குள் படகு நகர்ந்திருக்கும். ஆகவே உங்கள் துறை வருவதற்கு முன்பே எழுந்து நில்லுங்கள்.

படி 6: வள்ளத்தில் ஏறுவது எப்படி

கரையிலிருந்து எட்டிக் குதிக்கக் கூடாது. படகோட்டி வள்ளத்தைக் கரையோடு அணைத்துப் பிடித்த பிறகு, ஒருவர் பின் ஒருவராக, வள்ளத்தின் நடுப்பகுதியில் காலை வைத்து, உடனே குனிந்து உட்காருங்கள். விளிம்பில் கால் வைத்தால் வள்ளம் சாயும். கரைக்கும் படகுக்கும் நடுவில் விரல்களை வைக்காதீர்கள். நசுங்குவது பெரும்பாலும் அங்கேதான். கனமானவர்கள் நடுவில் அமரட்டும். படம் எடுக்க எழுந்து நிற்பது மட்டும் கூடவே கூடாது.

துடுப்பு வலித்துப் பார்க்க ஆசை இருந்தால் கேளுங்கள், மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். ஒரு கை துடுப்பின் மேல்நுனியில், மறு கை அலகுக்குச் சற்று மேலே. முன்னால் சாய்ந்து, அலகு முழுதும் நீரில் மூழ்கும்படி நேராக இறக்கி, இடுப்புவரை இழுத்து வெளியே எடுங்கள். கையால் மட்டும் இழுத்தால் சீக்கிரமே தோள் வலிக்கும். உடம்பைச் சேர்த்துத் திருப்ப வேண்டும். திசையைப் பின்னால் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

படி 7: வாய்க்காலுக்குள்

பெரிய ஆற்றிலிருந்து கிளை வாய்க்காலுக்குள் வள்ளம் திரும்பியதும் எஞ்சின் சத்தம் தென்னைகளுக்குப் பின்னால் போய்விடும். இங்கே 'பதுக்கெ போயால் மதி' (மெதுவாகப் போனால் போதும்) என்று சொல்லிவிடுங்கள். ஆழம் குறைந்த இடங்களில் படகோட்டி துடுப்பை வைத்துவிட்டு நீண்ட கழியை எடுப்பார். சேற்றில் ஊன்றி, உடம்பைச் சாய்த்து, ஒரு தள்ளு. அதன் வேகத்தில் வள்ளம் தானாக வழுக்கிக்கொண்டு போகும்.

முதலில் கரைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கரை ஒரு நடைபாதை அளவுதான். அதன் மேல் வீடுகளும் தென்னைகளும் வாழைகளும். அதற்கு அப்பால் நெல் வயல், உங்கள் வள்ளம் மிதக்கும் நீரைவிடக் கீழே கிடக்கும். நீர் மேலே, நிலம் கீழே. இவ்வளவையும் தாங்கி நிற்பது அந்த மண்ணும் கல்லும்தான். வேகமாகப் போகும் எஞ்சின் படகின் அலை கரையில் மோதித் திரும்புவதை ஒருமுறை கவனித்தால், நான் ஏன் துடுப்புப் படகையே வலியுறுத்துகிறேன் என்பது விளங்கிவிடும்.

பாம்புத்தாரா என்ற நீர்ப்பறவை நீரில் உடம்பை மறைத்துக் கழுத்தை மட்டும் நீட்டிப் போகும். வெளியே வந்ததும் கொம்பில் அமர்ந்து சிறகை விரித்துக் காயப்போடும். எஞ்சின் படகு வந்தால் தூரத்திலேயே எழுந்து பறந்துவிடும். கழியால் தள்ளிக்கொண்டு போகும் வள்ளத்தை அது பல நேரம் பொருட்படுத்துவதில்லை. சில கஜ தூரம்வரை நெருங்கலாம். மீன்கொத்திகளும் அப்படியே. பேச்சைக் குறைத்து, செல்போன் பாட்டை நிறுத்திவிட்டால் போதும்.

மனிதர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் வாய்க்காலில் இறங்கும் படிக்கட்டு இருக்கும். அங்கே குளித்துக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் பாத்திரம் தேய்த்துக்கொண்டும் இருப்பார்கள். அது அவர்கள் வீட்டின் ஒரு பகுதி. கேமராவை மடியில் வைத்துவிடுங்கள். அவர்கள் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள், பேசினால் பேசுங்கள். வலை கட்டியிருந்தால் படகோட்டி சுற்றிக்கொண்டு போவார். நேரமாகிறதே என்று அவசரப்படுத்தாதீர்கள்.

படி 8: சாப்பாடு

முதல் நாளே எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். சிவப்பு மட்டை அரிசிச் சோறு, மீன் குழம்பு, தோரன், மோர் என்று வாழை இலையில் போடுவார்கள். கரிமீன் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள். அது கேரளத்தின் மாநில மீன், விலையும் கூடுதல். கை கழுவ வாய்க்காலில் சோப்பு போடாதீர்கள். பிஸ்கட் உறை, தண்ணீர் பாட்டில் எதையும் அவர்கள் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். தீவிலிருந்து குப்பையை அகற்றுவது அவர்களுக்குப் பெரும் பாடு.

படி 9: திரும்பும் வழி

கிராமத்துத் துறையிலிருந்து ஆலப்புழைக்கு எந்த நேரத்தில் படகு என்பதைக் காலையில் இறங்கும்போதே டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் படகை நம்பாமல், அதற்கு முந்தியதில் ஏறுவது நல்லது.

இன்னொரு நாள் கையில் இருந்தால் வைக்கம் போய் வாருங்கள். வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவில் காயலைக் கடக்கும் 'ஆதித்யா' 2017 ஜனவரியில் தொடங்கப்பட்ட, இந்தியாவின் முதல் சூரிய மின்சக்திப் பயணிகள் படகு. 75 பேர் உட்காரலாம். கூரையில் சூரியத் தகடுகள். டீசல் வாடையோ அதிர்வோ இல்லை. வைக்கத்தில் இறங்கினால், 1924-ல் தொடங்கிய வைக்கம் போராட்டத்தில் சிறை சென்ற பெரியாருக்கான நினைவகத்தையும் பார்த்துவிடலாம். ஆலப்புழையிலிருந்து பஸ்ஸில் தவணக்கடவு போய், அங்கிருந்து படகு ஏறினால் காயலைக் கடந்து வைக்கத்திலேயே இறங்கலாம். வைக்கத்திலிருந்து கோட்டயத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் பஸ் உண்டு.